மூன்று நனோமீற்றர் தந்தாலம்

கண்ணாடியில் நேரே இட்டால்
கோபால்ட் பரவாது.
மீன் பொரித்த சட்டியில் விட்ட தண்ணீர்போல
தன் ஆட்களோடு தானே கூடிக்
குட்டிக் குட்டித் தீவாய் ஒதுங்கும்.
இடையில் வெறுங்கண்ணாடி.

கீழே பிளாட்டினம் விரித்தும் பார்த்தேன்.
பரவியது.
ஆனால் காந்தம் படுத்தே கிடந்தது,
கச்சான் வீசும் மதியத்தில்
கோணேசபுரி நாய்கள் கிடப்பதுபோல்.
ஜூன் முழுக்க இதுதான். பதினேழு மாதிரி.

நான் கேட்டது அதிகமில்லை.
நாலு அணு உயரக் கோபால்ட்
எழுந்து நிற்க வேண்டும்:
ஒரு முனை கூரையைப் பார்த்து,
மறு முனை மேசையைப் பார்த்து.

புல்மோட்டைக் கறுப்பு மணலில்
காந்தத்தை இழுத்தால் மீசை முளைக்கும்.
குழந்தைக்கும் தெரியும் அது.
இதற்கு மீசை இல்லை.
சிவப்பு லேசர் பட்டுத் திரும்பும்போது
ஒளி தன் தலையை
ஒரு மயிரிழை சாய்த்தால் உண்டு.

நஸ்மின் கிண்ணியாவிலிருந்து
முதல் பஸ்ஸில் பாலம் தாண்டி வருபவள்.
பம்ப்பின் சத்தத்திலேயே அழுத்தம் சொல்வாள்.
"இண்டைக்கு ஈரம் கூட, மிஸ்.
கடல் உள்ளுக்கு வந்திட்டு."
உண்மைதான். கலத்தைத் திறந்த ஐந்து நிமிடத்தில்
நிலாவெளி உப்புக்காற்று சுவரில் ஒட்டும்;
அதைக் கழற்ற
இரவு முழுக்க ஓட வேண்டும் பம்ப்.

பதினெட்டாம் மாதிரிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் இருமி எழும்பியபின்
கேபிளை மாற்றிச் செருகியது
நானா அவளா,
இன்றைக்கும் அந்த வழக்குத் தீரவில்லை.
மூன்றாம் முனை எரிந்தது.
அதில் இருந்தது தந்தாலம்,
முடிந்துபோன ஏதோவொரு திட்டத்தின் மிச்சம்,
யாரும் கேளாத உலோகம்.
நாற்பது விநாடி.
கணக்குப்படி மூன்று நனோமீற்றர்.

எறியச் சொன்னேன்.
"கண்ணாடி என்ன விலை, மிஸ்" என்றாள்.
அதன்மேலேயே பிளாட்டினம்,
அதன்மேலேயே கோபால்ட்,
துருவேறாதிருக்க மேலே மறுபடி பிளாட்டினம்.

மாலை நாலரை. திரைச்சீலை மூடிய இருட்டு.
இதுவரை திரையில் வந்ததெல்லாம் சாய்ந்த கோடு.
இன்று புலத்தைத் திருப்பினேன்,
அது அசையவில்லை.
இன்னும் திருப்பினேன்.
இன்னும்.
பிறகு ஒரேயடியாய்ப் புரண்டது.
திரையில் ஒரு பெட்டி,
நாலு மூலையும் கூர்.

நஸ்மின் ஒன்றும் சொல்லவில்லை.
தேத்தண்ணிக்குப் போட்ட சீனியை
இரண்டாம் முறையும் போட்டாள்.

தந்தாலத்துக்குக் காந்தம் இல்லை.
அந்த மெலிவில் வரிசைகூட இல்லை,
தேர் வரும்வரை வீதியில் நிற்கும் சனம்போல
வந்தபடி நின்ற அணுக்கள்.
ஆனால் அது கண்ணாடியை நனைத்தது.
கண்ணாடி தன் பழக்கத்தை
மேலே சொல்லவிடாமல் மூடியது.
பிளாட்டினம் அங்கே நிம்மதியாய் அமர்ந்து,
தோடம்பழக் கடைக்காரன் அடுக்குவதுபோல்
ஒன்றைச் சுற்றி ஆறாய் அடுக்கியது.
அடுக்கின்மேல் கோபால்ட் எழுந்தது.

பேராசையில் அடுத்த வாரம்
இடையிலிருந்த பிளாட்டினத்தை எடுத்துவிட்டேன்.
தந்தாலத்தின்மேல் நேரே கோபால்ட்.
எல்லையில் இரண்டும் கலந்தன.
கலந்த இடத்தில் காந்தம் செத்துப்போனது.
செத்த படலம் என்றே அதற்குப் பெயர்.
தாங்குகிறதென்று
தோளில் ஏறி உட்காரவும் கூடாது போல.

கட்டுரைக்குத் தலைப்பு எழுதினேன்:
கோபால்ட் மென்படலத்தில் செங்குத்துக் காந்தம்.
தந்தாலம் மூன்றாம் பக்கத்தில் வருகிறது,
அட்டவணையில், கீழிருந்து இரண்டாம் வரி.

"கேபிள் மாறினதையும் எழுதுவீங்களா, மிஸ்?"

எழுதவில்லை.
"தந்தால அடிப்படலம் தெரிவுசெய்யப்பட்டது"
என்றிருக்கிறது அந்த இடத்தில்.
வாசித்துவிட்டுச் சிரித்தாள்.
கடைசி பஸ் ஆறேகாலுக்கு.
பையை எடுத்தபடியே
பம்ப்பின் பக்கம் காதைச் சாய்த்து
"நாளைக்குக் காய்ஞ்சிரும்" என்றாள்.

நாளை இரண்டு நனோமீற்றர் இட்டுப் பார்க்க வேண்டும்.
கரண்ட் இருந்தால்.